காற்றுக் கசியும் இடம்

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதுமே முகஞ்சுளிக்கும் நல்லவர்கள் நம்மிடையே பலர் உளர். விளையாட்டுத் துப்பாக்கி என்றாலும் அவர்கட்கு அது உவப்பதில்லை. பிள்ளைகள் கையில் அது எதற்கு என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் இந்நாட்டின் தோட்டங்களிலும் கம்பங்களிலும் வளர்ந்தவர்கள் மூங்கில் துப்பாக்கியை மறந்திருக்க மாட்டார்கள். சிறு மூங்கிற்குழாய், அதற்குள் இறுக்கமாகச் சென்று வரும் குச்சி, நனைத்து உருட்டிய காகிதம் இரண்டு. முதல் உருண்டையைக் குழாயின் நுனிவரை தள்ளிவிட்டு, இரண்டாவதை வேகமாகக் குத்தினால், இடையில் அகப்பட்ட காற்று நெருக்குண்டு முன்னதை ‘டப்’பென்று வெளியே எறியும். மலாய்ப் பிள்ளைகள் காகிதத்துக்குப் பதிலாகக் காட்டுக் காய்களையும் போடுவார்கள்.

இன்று கடைகளில் விற்கும் நுரை அம்புத் துப்பாக்கியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றது. வீட்டுக்குள் எறிந்தாலும் எதையும் உடைக்காத நுரைப்பந்து ஒன்றை அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் ‘நெர்ஃப்’ என்ற பெயரில் விற்றது. அப்பெயரே பின்னாளில் துப்பாக்கிக்கும் ஒட்டிக்கொண்டது. ஏறக்குறைய ஒரு கிராம் எடையுள்ள நுரை அம்பை, சுருள்வில் தள்ளும் பிஸ்டன் ஒன்று காற்றைக் கொண்டு உந்தி அனுப்புகிறது. அவ்வளவுதான் அதன் இரகசியம்.

என் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் தன் துப்பாக்கியை என் மேசைமீது வைத்து, “தாத்தா, இது தூரமா போகவே மாட்டேங்குது. பெரிய ஸ்பிரிங் போட்டுக் கொடுங்க” என்றான். பட்டறையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக உழைத்த கை சும்மா இருக்குமா? “பொறுடா ஐயா, முதல்ல திறந்து பார்ப்போம்” என்றேன்.

பெரிய ஸ்பிரிங் என்பதே எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கணக்கைப் பார்த்தால்தான் அதன் குறை விளங்கும். இருமடங்கு விறைப்பான ஸ்பிரிங்கை அதே நீளத்துக்கு அமுக்கினால் அதில் சேரும் ஆற்றல் இருமடங்கு. ஆனால் அம்பின் வேகம் ஆற்றலின் வர்க்கமூலத்தையே பின்பற்றுவதால், அது ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. தூரமோ அதனினும் குறைவாகவே கூடும். பஞ்சு போன்ற அம்பைக் காற்று சீக்கிரம் தடுத்துவிடுகிறது. ஆனால் ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கொக்கியின் மேல் விழும் சுமை மட்டும் முழுமையாக இருமடங்காகி விடுகிறது. கொக்கி தேயும், பிறகு ஒருநாள் முறியும். தூரம் கேட்டவன் துப்பாக்கியையே இழப்பான்.

ஆகவே கசிவைத் தேடினோம். பிஸ்டனின் ரப்பர் வளையம் குழாயைச் சரியாகத் தொடவில்லை. குழாய் வேலைக்காரர்கள் திருகுகளில் சுற்றும் வெள்ளை நாடாவை வளையத்தின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, சிலிக்கோன் கிரீஸ் சிறிது தடவினோம். வீட்டில் கிடக்கும் பெட்ரோலிய எண்ணெயை இதற்கு ஊற்றக் கூடாது. சிலவகைப் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அது கெடுத்துவிடும். குழல்வாயை உள்ளங்கையால் மூடிப் பிஸ்டனை விட்டபோது அது தயங்கித் தயங்கி முன்னேறிற்று. காற்று எங்கும் ஓடிப்போகவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிஸ்டனின் முகத்தில் மெல்லிய நுரைத்துண்டு ஒன்றையும் ஒட்டினோம். மோதலின் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்ளும். வீட்டின் பின்சந்தில் காலடியால் அளந்து பார்த்தோம். பன்னிரண்டு அடி வைப்பில் விழுந்த அம்பு பதினாறைத் தாண்டியது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான்.

பேரனுக்கு அது போதவில்லை. குழலுக்குள்ளே ஒரு சிறு தடுக்கு இருக்கிறது. அம்பு வந்து அழுத்தினால்தான் காற்றுக்கு வழி திறக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் இன்னும் தூரம் போகும் என்று அவன் தோழன் சொல்லியிருந்தான். தோழன் சொன்னது பொய்யன்று. ஆனால் அத்தடுக்கு இரண்டு காரியங்களைச் செய்கிறது. அம்பில்லாமல் விசையை இழுத்துவிட்டால் பிஸ்டன் முழுவேகத்தில் சென்று மோதாதபடி காக்கிறது. பென்சில் துண்டோ கல்லோ குழலில் புகுந்து பாயாதபடியும் பார்த்துக்கொள்கிறது. நான் வேலை செய்த ஓரிடத்தில், கண்ணாடி அணியாத கூட்டாளி ஒருவருக்கு இரும்புச் சீவல் ஒன்று தெறித்து வலக்கண் போயிற்று. அவர் அதன்பின் தேநீர்க் கோப்பையை எடுக்கும்போதெல்லாம் முதலில் மேசையைத் தடவுவார். அதைப் பேரனிடம் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. தடுக்கு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றான்.

கறுப்புச் சாயம் பூசும் ஆசையும் அவனுக்கு இருந்தது. அதற்கும் நான் இசையவில்லை. ஆரஞ்சும் நீலமுமாக இருப்பதால்தான் அது பொம்மை என்று தெருவில் போகிறவர்கட்குத் தெரிகிறது. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதைப் பெற்றோர்கள் அறிந்திருப்பது நலம்.

மறுநாள் இரும்புக் கடையில் பாதுகாப்புக் கண்ணாடி நான்கு வாங்கினோம். அண்டை வீட்டுப் பிள்ளைகட்கும் சேர்த்துத்தான். ஆறு வயதுப் பேத்தி தன் சிறு துப்பாக்கியையும் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறாள். அதை இன்னும் திறக்கவில்லை. கசிவை மட்டும் அடைப்பது, வேறொன்றையும் தொடுவதில்லை என்று அண்ணனே தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திருப்புளியைத் தேடிக்கொண்டிருக்கிறான்.