ஐபோன் எக்ஸுக்குள் மாட்டுப்பட்ட மூன்று மணித்தியாலம்

எங்கள் ஐந்து பேரிடமும் ஒரு ஐபோன் எக்ஸ் இருக்கு. ஆளுக்கொன்று இல்லை, ஐந்து பேருக்கும் சேர்த்தே ஒன்றுதான். சின்னச் சின்ன ஆவணப்படங்கள் எடுக்கவேணும் எண்டு சீட்டுக் கட்டுற மாதிரி மாதாமாதம் காசு சேர்த்து, 2023இல் பாவிச்ச போனாக 78,000 ரூபாவுக்கு வாங்கினோம். அப்பவே அதுக்கு ஆறு வயது. "இந்தக் காசுக்குப் புதுசு ஒண்டு வாங்கலாமே" எண்டு கேட்காத ஆள் வீட்டில் இல்லை.

ஆனால் இது சாதாரண பழைய போன் இல்லை. 2017 செப்டெம்பர் 12ஆம் திகதி அறிமுகமானபோது அதன் ஆரம்ப விலை 999 டொலர். ஒரு போனுக்கு ஆயிரம் டொலரா எண்டு உலகமே வாயைப் பிளந்தது. முகப்புப் பொத்தானை எடுத்துவிட்டு, 5.8 அங்குல ஓஎல்இடி திரையை முன்பக்கம் முழுக்கப் பரப்பி, கைரேகைக்குப் பதிலாக முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஃபேஸ் ஐடியை வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் எறிந்து, அதன் மேடுபள்ளத்தை அது அளக்கும். எங்களுக்கு அதைவிட முக்கியம் பின்னால் இருக்கும் இரண்டு 12 மெகாபிக்சல் கமராக்கள். இரண்டிலும் கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு உண்டு, 4கே வீடியோவும் எடுக்கும்.

திரையின் மேலே இருந்த அந்த நொச்சைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தவர்கள் எத்தனை பேர்! சாம்சுங் தன் விளம்பரத்தில் நெற்றிமுடியை நொச் மாதிரியே வெட்டின ஒருவரைக் காட்டி நக்கலடித்தது. அடுத்த வருசமே ஹுவாவே, வன்பிளஸ், கூகுள் எண்டு வரிசையாக நொச் வைத்துக்கொண்டு வந்தார்கள். 

எங்கட கதை வேறு. 1978 நவம்பர் 23 மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியைப் பற்றி, எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவிடம் பேசிப் பதிவு செய்யப் போனோம். மூன்று மணித்தியாலம் கதைத்தா. கூரை பறந்த பிறகு இருட்டுக்குள் தன் பிள்ளையைத் தேடிப் போனதை அவ வாய்திறந்து சொன்னது அன்றுதான் முதல் தடவை. மகளுக்கே தெரியாத கதை அது.

திரும்பி வரும்போது பஸ் ஒரு குழியில் இறங்கி ஏற, மேல்தட்டில் இருந்த பை அப்படியே கீழே வந்தது. முன் கண்ணாடியும் போச்சு, பின் கண்ணாடியும் போச்சு. திரை முழுக்கக் கறுப்பு. சத்தம் மட்டும் வருது, மெசேஜ் வந்தால் அதிருது. அதாவது போன் சாகவில்லை.

கணினியில் இணைத்து வீடியோவை எடுத்துவிடலாம்தானே எண்டு நினைப்பீர்கள். முடியாது. புதிய கணினியை நம்பச் சொல்லிப் போன் கேட்கும். அதுக்கு ஆறு இலக்கக் கடவுச்சொல்லைத் திரையில்தான் அடிக்கவேணும். மெமரி கார்ட் எண்ட ஒன்றே இதில் கிடையாது. உள்ளே இருக்கும் சேமிப்பு சிப்பைக் கழற்றி வேறு போட்டில் ஒட்டினாலும் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் தரவு பூட்டப்பட்டிருக்கும் சாவி அந்தப் போனின் புரொசசருக்குள்ளேயே கிடக்கு. கள்ளனுக்காகப் போட்ட பூட்டு. பூட்டுப்போட்டவன் பிழை எண்டு நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் அன்று வெளியே நின்றது நாங்கள். அம்மம்மாவிடம் இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டு கேட்கலாம்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

முதல் போன கடையில் திறந்தும் பார்க்காமல் "போட் போயிட்டு, வேற வாங்குங்க" எண்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது கடையில் ஒரு நானா. மைக்ரொஸ்கோப்புக்குக் கீழே வைத்து, கதைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போட் நல்லாத்தான் இருக்கு. டிஸ்பிளே மட்டும்தான்."

"நானா, ஃபேஸ் ஐடி வேலை செய்யுமா?"

"இந்த நாடா கிழியாட்டிச் செய்யும். டிஸ்பிளே மாத்திறது லேசு தம்பி, இதைக் கழட்டுறதுதான் வேலை."

அவர் காட்டியது காதுக்குப் பிடிக்கும் ஸ்பீக்கரோடு சேர்ந்த மெல்லிய நாடா. ஃபேஸ் ஐடிக்குத் தேவையான சில உணரிகள் அதில்தான் இருக்கு, அது ஒட்டியிருப்பதோ உடைந்த திரையின் முதுகில். பழைய திரையிலிருந்து சேதமில்லாமல் கழற்றிப் புதியதில் பூட்டவேணும். கடையில் இன்னொன்றை வாங்கிப் போட்டாலும் ஃபேஸ் ஐடி வராது, அந்தந்த நாடா அந்தந்தப் போட்டோடு சோடி சேர்க்கப்பட்டிருக்கு. முகத்தை அடையாளம் காணும் உணரிக்கு இந்தச் சோடிக்கட்டு நியாயம் எண்டே எங்களுக்குப் படுது. யாரோ ஏமாற்று உணரியைப் பூட்டி எங்கட போனைத் திறக்கக்கூடாதுதானே. வெறும் திரைக்கு ஏன்? 2021இல் ஐபோன் 13இல் திரையை வெளியே மாற்றினால் ஃபேஸ் ஐடியே நின்றுபோகும்படி இருந்தது. திருத்துறவர்கள் எல்லாரும் கொதித்தெழுந்த பிறகு மென்பொருள் அப்டேட்டில் அதை விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுக்க முடிந்த ஒன்று பாதுகாப்புக்காக வைத்ததாக எப்படி இருக்கும்?

ஓஎல்இடி திரை 24,000, எல்சிடி 11,000 எண்டார் நானா. கையில் இருந்தது எல்சிடிக்குத்தான் காணும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. திரை வெளிச்சம் வந்ததும் ஆறு இலக்கத்தையும் அடித்தவளின் விரல் நடுங்கினதை எல்லாரும் பார்த்தோம். மூன்று மணித்தியாலமும் உள்ளே அப்படியே இருந்தது. அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றினோம். ஃபேஸ் ஐடியும் பிழைச்சிட்டு.

எல்லாம் பழையபடி இல்லை. கறுப்பு இப்போ சாம்பல் மாதிரித் தெரியுது, அதனால் நிறம் பார்த்து எடிட் செய்ய இந்தத் திரையை நம்பமுடியாது. வெளிச்சத்துக்கேற்ப நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் செட்டிங்கிலேயே காணவில்லை. தண்ணீர் புகாது எண்ட ஐபி67 கதையும் திறந்த அன்றோடு முடிஞ்சுது, மழைக்குள் எடுக்கமாட்டோம்.

பின் கண்ணாடி இன்னும் உடைந்தபடியே கவருக்குள் இருக்கு. அது உடம்போடு பசையால் ஒட்டப்பட்டது, சும்மா கழற்றமுடியாது. உத்தரவாதம் இல்லாத ஐபோன் எக்ஸில் திரை தவிர்ந்த சேதத்துக்கு அப்பிள் அமெரிக்காவில் வைத்திருந்த கட்டணம் 549 டொலர். திரைக்கு 279. ஒரு கணக்குப் பார்த்தோம். போன் வந்த 2017இல் ஒரு டொலர் ஏறக்குறைய 153 ரூபா, ஆக முழுப் போனும் ஒன்றரை லட்சம். 2022க்குப் பிறகு டொலர் 300ஐச் சுற்றி நிற்குது. இன்றைக்கு அந்த 549 டொலர் ஒரு லட்சத்து அறுபதினாயிரத்துக்கும் மேலே. உடைந்த முதுகைத் திருத்துறது, அன்றைய புதுப் போனைவிட விலை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூனிலிருந்து விதி மாறியிருக்கு. புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கு, விற்பனை நின்று ஏழு வருசம்வரை முக்கியமான உதிரிப்பாகங்கள் கிடைக்கவேணுமாம். ஐபோன் எக்ஸை அப்பிள் விற்காமல் விட்டது 2018இல். அந்த விதி எங்கட போனுக்குப் பொருந்தாது, இந்தத் தீவுக்கும் பொருந்தாது. இங்கே அப்பிளுக்குச் சொந்தக் கடைகூட இல்லை. இருப்பது நானா மாதிரி ஆட்களும் அவர்களின் மைக்ரொஸ்கோப்பும்தான்.

ஐஓஎஸ் 16க்கு மேலே இந்தப் போன் போகாது, சில செயலிகள் இப்பவே முரண்டு பிடிக்குது. கமரா மட்டும் இன்னும் நல்லா இருக்கு. அடுத்த கிழமை பற்றரி மாற்றக் கொடுக்கிறோம். பிறகு திருப்பழுகாமத்தில் இன்னொரு அம்மம்மா கதைக்க ஓமெண்டு சொல்லியிருக்கா.