கேமராவுக்கு ஒரு கை போதும்னு நினைச்சேன்

1/ எப்பவாவது ஸ்நார்க்கெலிங் போறவங்களுக்கு எந்த கேமரா? மூணு வாரம் யூடியூப் பார்த்தேன். பதில் ஹேவ்லாக் எலிஃபன்ட் பீச்ல கிடைச்சுது.

2/ வலது கையில ஆக்‌ஷன் கேமரா. திடீர்னு மகளோட மாஸ்க்குக்குள்ள தண்ணி. பதறி என் கழுத்தைப் பிடிச்சிட்டா. ஒத்தைக் கையால தாங்க முடியல. கேமராவை விட்டேன், மூழ்கிடுச்சு. அவளைத் தூக்கிட்டேன்.

3/ இப்போ என் தேர்வு: 10 மீட்டர் தாங்கும் சின்ன கேமரா, தலையில மாட்டுற ஸ்ட்ராப். மிதக்குறது மேலதானே, அதுக்கு மேல ஆழம் தேவையில்ல. மார்புல மாட்டாதீங்க, குப்புற மிதக்கும்போது தரையைத்தான் எடுக்கும். கேமராவை மாஸ்க் பட்டையோட சின்னக் கயிறால கட்டிடுங்க. தலையை மெதுவா திருப்புங்க, வீடியோ ஆடாது.

4/ டாக்டரா ஒண்ணு சொல்றேன்: பதற்றத்துல இருக்கிறவங்க கையில கிடைச்சதைப் பிடிப்பாங்க. அப்போ உங்க ரெண்டு கையும் காலியா இருக்கட்டும்.