அரசூர் 87

எங்கள் பக்கம் ஆடு செத்தால் காரணம் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. மழைக்குப் பிறகு கொழுத்த குட்டி திடீரென்று விழுந்தால் துள்ளுமாரி. மூக்கில் உறையாத கறுத்த ரத்தம் வந்தால் அடைப்பான். சளி ஒழுகிக் கழிச்சல் கண்டால் முன்பு வெக்கை என்பார்கள், இப்போது ஆட்டுக்கொல்லி. இதையெல்லாம் படிக்காதவர்களின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஆய்வகம் ஒப்புக்கொண்ட கிருமி ஒன்று இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். பெயர் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ, அவ்வளவு சீக்கிரம் கேள்விகள் நின்றுவிடும்.

திருச்சுழி, விருதுநகர் மாவட்டத்து மானாவாரி நிலம். ரமணர் பிறந்த ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். எனக்கு அது குண்டாற்று மணலும், சீமைக்கருவேலமும், கண்மாய்க்கரையில் கிடை போட்டிருக்கும் செம்மறி மந்தைகளும்தான். இங்கே மழை ஏமாற்றினால் பயிர் போகும். அந்த வருஷத்தைக் கடத்திவிடுவது ஆடு. அதனால் ஒரே ராத்திரியில் ஒன்பது ஆடு செத்துப்போவது என்பது எங்கள் ஊரில் வெறும் செய்தி இல்லை.

அந்த ஒன்பது ஆடுகள் எனக்குத் தெரியவந்தது என் சித்தப்பா மகள் வழியாக. கால்நடை மருத்துவம் முடித்து, நோய்க்குறியியலில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்கு வந்த இடத்தில் அந்தச் சாவைப் பார்த்தாள். சில மாதங்கள் கழித்து அதையே ஒரு மாநாட்டில் பேசத் தயார் செய்தாள். பெங்களூரில் உட்கார்ந்து கோடு எழுதும் என்னை ஒத்திகைக்கு ஆளாகப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு ஒண்ணும் தெரியாதுல்லண்ணே, அதான் வேணும்" என்றாள்.

எங்கள் தொழிலிலும் போஸ்ட்மார்ட்டம் உண்டு. சர்வர் விழுந்தால் எப்போது விழுந்தது, ஏன் விழுந்தது என்று ஒரு ஆவணம் எழுதுவோம். அதற்கு அந்தப் பெயர். ஆனால் எங்களிடம் லாக் இருக்கும். செத்த ஆட்டிடம் லாக் கிடையாது. உடம்பு மட்டும்தான், அதுவும் வெயிலில் மணிக்கு மணி அழிந்துகொண்டே இருக்கும்.

இவர்கள் கேஸ் சொல்லும் முறை என்னைக் கவர்ந்தது. முதலில் இனம், வயது, பால். பிறகு சுருக்கமாக நடந்தது. பிறகு கண்ணால் பார்த்தது, அதற்குப் பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தது. நோயின் பெயர் கடைசியில்தான். அமெரிக்கக் கால்நடை நோய்க்குறியியலாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் இதற்கென்றே 'மர்ம ஸ்லைடு' அமர்வு நடக்கிறது. அங்கே புதன்கிழமை ஸ்லைடு மாநாடும் இயங்குகிறது. கண்ணாடி ஸ்லைடுகளும் இரண்டு மூன்று வரி விவரமும் பல நாட்டு நிறுவனங்களுக்குப் போகும். அவர்கள் விடையை மறைத்துவைத்துக்கொண்டு யோசித்துப் பார்ப்பார்கள். பார்த்ததை முதலில் விவரி, பெயரை அப்புறம் சொல் என்பதுதான் பயிற்சி. 'நிமோனியா' என்று தாவக்கூடாது. நுரையீரலின் எந்தப் பகுதி, எவ்வளவு பரப்பு, என்ன நிறம், அழுத்தினால் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இந்தப் பிடிவாதம் எதற்கு என்று கேட்டபோதுதான் அவள் அரசூர் கதையைச் சொன்னாள்.

1987. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், அன்று தென்னார்க்காட்டில், அரசூர் என்ற ஊரில் செம்மறிகள் செத்தன. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாயில் புண், கழிச்சல். வெக்கை நோயின் அடையாளங்கள் அத்தனையும் இருந்தன. அறுத்துப் பார்த்தாலும் ஏமாறலாம். பெருங்குடலின் மடிப்புகளில் வரிக்குதிரைக் கோடுபோலச் சிவந்திருப்பது இரண்டு நோயிலும் வரும். ஆனால் ஆய்வகத்தில் வெளிவந்தது வேறு வைரஸ். மேற்கு ஆப்பிரிக்காவில் 1942இல் விவரிக்கப்பட்ட பி.பி.ஆர். வெக்கை வைரஸின் திரிபு என்றே அதை நெடுநாள் நினைத்திருந்தார்கள். தனி வைரஸ் என்று வகைப்படுத்தியது 1979இல்தான். இந்தியாவில் அந்த நோய் இருப்பதை முதலில் சொன்னது எம்.எஸ். ஷைலாவும் உடன் உழைத்தவர்களும் 1989இல் வெளியிட்ட அரசூர் அறிக்கை. அதற்கு முன்பு ஆடுகளில் வெக்கை என்று பதிவானவற்றில் சில ஆட்டுக்கொல்லியாகவே இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பெயர் மாறினால் என்ன, செத்த ஆடு திரும்பவா போகிறது என்று நான் கேட்டேன். அவள் விளக்கினாள். அந்த வருஷங்களில் நாடு வெக்கையை ஒழிக்கப் போராடிக்கொண்டிருந்தது. எங்கோ ஆடு ஆட்டுக்கொல்லியில் செத்து, அதை வெக்கை என்று எழுதினால் வெக்கை ஒழியவே ஒழியாது. இதைவிட நுட்பமான தொல்லையும் உண்டு. வெக்கைக்கான தடுப்பூசி ஆட்டுக்கொல்லியிலிருந்தும் காக்கும் என்பதால் அதையே ஆடுகளுக்கும் போட்டார்கள். போட்டால் ரத்தத்தில் வெக்கைக்கான எதிர்ப்புப் பொருள் தங்கிவிடும். பிறகு ரத்தம் எடுத்துப் பார்ப்பவருக்கு அது ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று தெரியாது. ஆகவே ஆட்டுக்கொல்லிக்கென்று தனி ஊசி வேண்டியிருந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசி வைரஸ் வகையின் பெயர் 'அரசூர் 87'. இந்தியாவில் கடைசி வெக்கை 1995இல். உலகம் முழுவதும் ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள். அடுத்து ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

நம் ஒன்பது ஆடுகளுக்கு வருவோம். ஐப்பசியில் இரண்டு மழை பெய்து நின்றுவிட்டது. வரப்பெல்லாம் புல். கண்மாய்க்கரைத் தரிசில் கிடை. விடிந்து பார்த்தால் ஒன்பது ஆடு விறைத்துக் கிடந்தது. கீதாரி ஒரே சொல்லில் முடித்தார்: துள்ளுமாரி. பச்சைப் புல் அதிகமாகத் தின்ற ஆட்டின் குடலில் கிளாஸ்டிரிடியம் பெருகி நஞ்சு கக்கும் நோய். பருவமும் பொருந்தியது.

டாக்டரும் இவளும் போய்ச் சேர்ந்தபோது மதியம். சிறுநீரகம் கூழாகியிருந்தது. துள்ளுமாரிக்குப் புத்தகத்தில் உள்ள அடையாளமே அதுதான். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் எந்த நோயில் செத்த ஆட்டின் சிறுநீரகமும் மதியத்துக்குள் இளகிவிடும். இரண்டு விஷயம் இவளுக்கு இடித்தது. துள்ளுமாரி கொழுத்த குட்டியைத்தான் தேடி அடிக்கும், இங்கே கிழட்டு ஆடுகளும் செத்திருந்தன. மழைக்கு முன்பே மந்தைக்குத் துள்ளுமாரி ஊசி போட்டாகிவிட்டது. மூளையையும் மற்ற உறுப்புகளையும் சிறு துண்டுகளாக, பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டு எடுத்துப் போனாள். துள்ளுமாரியில் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுற்றிப் பெரும்பாலும் புரதநீர் கசிந்திருக்கும். இந்த மூளைகளில் அது இல்லை. சொல்லும்படி வேறு எதுவுமே இல்லை.

எதுவும் இல்லாமல் சாகடிப்பது எது? மூன்று வாரம் கழித்துக் கீதாரிக்கு போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "தாத்தா, அன்னைக்கு ராத்திரி மந்தை எங்க மேஞ்சுச்சு?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "பய அசந்துட்டான் தாயி. கொஞ்ச ஆடு பக்கத்துச் சோளத்துல விழுந்துருச்சு. இருட்டுலயே பத்திக் கொண்டாந்துட்டோம்."

முழங்கால் உயரத்தில், மழையில்லாமல் வாடி நின்ற இளஞ்சோளம். அதைக் கடித்து மென்றால் சயனைடு வெளிப்படும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருந்தும் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. ஆடு நிமிஷக் கணக்கில்கூடச் சாகலாம். ரத்தம் பளீரென்று சிவந்திருக்கும், மதியத்துக்குள் அந்த அடையாளமும் போய்விடும். உறுதி செய்ய வேண்டுமென்றால் இரைப்பைத் தீனியை உடனே காற்றுப் புகாமல் அடைத்து உறையவைத்திருக்க வேண்டும். ஃபார்மலினில் கிடக்கும் மூளை அதைச் சொல்லாது.

வாடின சோளம் ஆகாது என்பது கரிசக்காட்டில் குழந்தைக்கும் தெரியும். கீதாரிக்கு விடியும்போதே தெரிந்திருக்கும். ஆனால் சோளம் என்று சொன்னால் அடுத்தவன் வெள்ளாமையில் ஆடு விழுந்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும். அபராதம், பஞ்சாயத்து, அடுத்த வருஷம் கிடை போட இடமில்லாமல் போவது. ஒன்பது ஆடு போன கையோடு அதையும் தாங்க முடியாது. துள்ளுமாரி யார்மேலும் பழி போடாது.

அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பெயர் சும்மா இருக்கவில்லை. 'ஊசி போட்டும் துள்ளுமாரியில செத்துச்சாம்' என்ற பேச்சு பக்கத்துக் கிடைகளுக்குப் போயிருந்தது. அடுத்த முறை ஆட்டுக்கொல்லி ஊசி போட வந்தவர்களிடமும் இரண்டு கிடைக்காரர்கள் ஆட்டைப் பிடித்துத் தர மறுத்துவிட்டார்கள். அரசூரில் தொடங்கி இத்தனை வருஷம் பலபேர் உழைத்துக் கொண்டுவந்த ஊசி, எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் ஒரு சோளக் காட்டினால் நின்றது.

கேஸைச் சொல்வதா வேண்டாமா என்று அவள் ரொம்ப யோசித்தாள். கடைசியில் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு 'தென் தமிழ்நாடு, மானாவாரிப் பகுதி' என்று போட்டாள். நானும் அதற்கு மேல் சொல்லப்போவதில்லை. கடைசி ஸ்லைடில் 'சயனைடு நச்சு என்று சந்தேகம், உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதினாள். ஒத்திகையில் அது எனக்குச் சப்பென்று இருந்தது. மாநாட்டில் எல்லாரும் விடையோடு வருவார்களே என்றேன். "அதுக்காக இல்லாத விடையை எழுத முடியுமாண்ணே?" என்றாள்.

மாநாடு முடிந்த ராத்திரி போன் செய்தாள். பேசி முடித்ததும் ஒரு வயதான பேராசிரியர் எழுந்து, மந்தையின் மேய்ச்சல் விவரத்தை எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார். மூன்று வாரம் கழித்து என்று இவள் சொல்லியிருக்கிறாள். "முதல் நாளே கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்றாராம் அவர், உட்கார்ந்துகொண்டே.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவள் கிடைக்குப் போய் ஊசியால் ஆடு சாகவில்லை என்று மட்டும் நாலு பேர் முன்னால் சொன்னாள், சோளத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு கீதாரியிடம் தனியாக, பிக்ரேட் தடவிய மஞ்சள் தாள் ஒன்று உண்டு, நசுக்கிய பயிரோடு மூடிவைத்தால் சயனைடு இருந்தால் செங்கல் நிறமாகும் என்றாள். அவர் ஆட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாளு எங்க தாயி கிடைக்கும்?"