சுக்கான் பிடிப்பவன்

சில வாரத்தில் ராணுவ அதிகாரி ஆக்குகிறோம் என்ற விளம்பரத்தைக் கண்டாலே கொச்சி இடப்பள்ளியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கடற்படைப் பயிற்சியாளர் ஒருவருக்கு முகம் சிவந்துவிடும். படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வு ஐந்து நாள் நடக்கிறது. அதிகாரிக்குரிய 15 பண்புகளைத் தேடுகிறார்கள். அந்தப் பதினைந்தையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பிள்ளைகளை அவர் வேலர் என்னும் துடுப்புப் படகில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்.

வேலருக்குத் துடுப்பு ஐந்து. இழுக்கிற ஐவருமே போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். எதிரே என்ன வருகிறது என்பது பின்கோடியில் சுக்கான் பிடிக்கும் காக்ஸ்வைனுக்கு மட்டுமே தெரியும். முதன்முதலாகச் சுக்கான் கைக்கு வந்ததும் பல கேடட்டுகள் கத்தத் தொடங்குவார்கள். கத்தக் கத்தத் துடுப்புகள் ஒன்றோடொன்று மோதும், படகு நின்ற இடத்திலேயே ஆடும். எதிரே உட்கார்ந்து மற்றவர்களுக்கு வேகம் காட்டும் ஸ்ட்ரோக் துடுப்புக்காரனின் தோளைப் பார்த்து, அவன் மூச்சோடு சேர்த்துக் கட்டளை விடுகிறவனுக்குத்தான் படகு நகரும். மழைக்காலத்தில் காயல் நீர் கொச்சி முகத்துவாரத்தை நோக்கி இழுக்கும்போது இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்துவிடும்.

முந்தைய நாள் துடுப்பில் திணறியவன் மறுநாள் நல்ல காக்ஸ்வைன் ஆவதை அவர் பலமுறை கண்டிருக்கிறார். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்தால் எப்படி எரியும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் வீண் கட்டளை போடமாட்டான்.

1969இல் கொச்சியில் தொடங்கிய கடற்படை அகாடமி 1986இல் கோவாவுக்குப் போனது, 2009 ஜனவரியில் எழிமலையில் நிலைகொண்டது. அங்கே நான்கு ஆண்டு பி.டெக். படிப்பு. படகுப் பயிற்சி மையத்துக்குப் பழைய கடற்படைத் தலைவர் குஞ்ஞாலி மரைக்காரின் பெயரை வைத்திருக்கிறார்கள், பொருத்தமான பெயர். படித்து முடித்தவர்கள் கடல் பயிற்சிக்குக் கொச்சிக்கே வருகிறார்கள். 1997இல் கடற்படையில் சேர்ந்த பாய்மரக் கப்பல் தரங்கிணியும் இங்கேதான் நிற்கிறது. மூன்று பாய்மரம்; ஆள் மேலே ஏறித்தான் பாயைச் சுருட்ட வேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டும் காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் மேல் அவருக்குத் தீராத வருத்தம். காற்றடிக்கும்போது பக்கத்தில் நிற்பவனின் பிடியை நம்பக் கற்பது அந்த மரத்தின் மேல்தான் என்கிறார். சிமுலேட்டரில் தவறினால் பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம். அங்கே யாருடைய கையும் வலிப்பதில்லை.

பெற்றோரிடம் அவர் கேட்பது இதுதான்: கோச்சிங் கட்டணம் கட்டுவதற்கு முன் பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்கள், ஏதாவது ஒரு குழு விளையாட்டில் சேர்த்துவிடுங்கள். மிச்சத்தை அகாடமி பார்த்துக்கொள்ளும்.