1714

2022 ஐப்பசி. மதுராந்தகம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பழைய எஸ்யுவி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் ஏபிஎஸ் படபடவென்று துடித்தது. வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் நின்றபோது லாரிக்கும் எங்களுக்கும் இடையே ஒரு முழம்தான் மிச்சம். பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

மேல்மருவத்தூரில் ஒரு பஞ்சர் கடையில் ஓரங்கட்டினேன். பட்டன் தேயாத டயர் எப்படி வழுக்கும்? கடைக்காரர் டார்ச் அடித்து, டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களைக் காட்டினார். 1714. 2014ஆம் ஆண்டின் 17ஆவது வாரம் செய்த டயர். வண்டி வருடக்கணக்கில் ஷெட்டிலேயே நின்றிருக்கிறது. "பட்டன் இருக்கு சார், ரப்பர் செத்துப்போச்சு" என்றார். நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பலகைபோல் இருந்தது.

புது டயர் வாங்கப் போனபோது, கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த ஆல் டெரெய்ன் டயர்தான் வேண்டும் என்று மகன் நின்றான். பார்க்க மிடுக்காகத்தான் இருந்தது. "வருஷத்துல எத்தனை நாள் தார் ரோட்டை விட்டு இறங்குவீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். குலதெய்வம் கோவிலுக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் தாரில் குறைவான ரப்பரை ஊன்றி ஓடுவானேன்? கட்டைகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் சாலையைத் தொடும் ரப்பர் குறையும். எச்.டி. எனப்படும் ஹைவே டயர் சாதுவான தோற்றம் கொண்டது. சுற்றிலும் ஓடும் நீள வாய்க்கால்கள் தண்ணீரை வாரி வெளியேற்றும். நெருங்கிய பட்டன்கள் சாலையைப் பிடிக்கும், இரைச்சலும் குறைவு.

எல்லாப் பருவத்துக்குமான டயர் என்று சொல்லப்படும் ஆல் சீசன், பனி பெய்யும் நாட்டில் பிறந்த பெயர். அமெரிக்காவில் குட்இயர் 1977இல் டியெம்போ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. குளிர்காலத்துக்கென்று டயர் மாற்றும் வேலையை மிச்சப்படுத்தத்தான். நமக்குப் பனி இல்லை. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் கொதிக்கும் தாரும் ஐப்பசியில் தேங்கும் நீரும் உண்டு. இந்த இரண்டையும் ஒரே டயர் தாங்கியாக வேண்டும்.

வெயில் என்றதும் அப்பா நினைவு வருகிறது. சித்திரை பிறந்தால் அம்பாசடர் டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவார். சூட்டில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும் என்ற பயம். எங்கள் மேலுள்ள அக்கறையில்தான் செய்தார், ஆனால் அது தலைகீழ். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலே சூட்டைக் கிளப்பி டயரைக் கிழிக்கிறது. வேகமும் பாரமும் சேர்ந்தால் சொல்ல வேண்டாம். இன்றும் பலர் இதையே செய்வதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றுப் பிடித்தால் போதும்.

நான்கு டயரையும் மாட்டும் முன் இலக்கங்களை மகனையே படிக்கச் சொன்னேன். எல்லாம் அந்த ஆண்டு செய்தவை. பில் போட்டு, அலைன்மென்ட் முடிந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தோம்.

"அப்பா, ஸ்டெப்னி?" என்றான்.

இறங்கி, வண்டியின் வயிற்றுக்கடியில் குனிந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம். 1714.