களிமண்ணில் ஒரு ரோஜாப் பாத்தி

பிப்ரவரி மாதக் காலை. வடமேற்கு லண்டனில், ஹாரோ பக்கம், நகரசபை குத்தகைக்கு விடும் தோட்ட நிலம். வாளித் தண்ணீரில் ஆறு ரோஜாச் செடிகள் இரண்டு மணி நேரமாக ஊறிக்கொண்டிருந்தன. இலையும் இல்லை, வேரைச் சுற்றி மண்ணும் இல்லை. பார்வைக்கு வெறும் விறகுக் குச்சிகள். நவம்பர் முதல் மார்ச் வரை, செடி உறங்கும் காலத்தில் இங்கே ரோஜாவை இப்படித்தான் விற்கிறார்கள்.

"போன கிழமை வந்திருந்தால் சும்மா திரும்பியிருப்பியள் தம்பி. ஒரே மழை" என்றார் செடிகளை நட வந்த அண்ணை. மழை ஓயும்வரை செடிகளை ஓர் ஓரத்தில் சாய்த்து, வேரை மண்ணால் மூடி வைத்திருந்தாராம். ஈரக் களியை மிதித்தால் அதன் காற்றறைகள் நசுங்கி, வேர் மூச்சுவிட வழியில்லாமல் போகும். இன்றும் பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் வேலை செய்தார்.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயம் நட்டுப் பழகிய கை அது. இங்கு வந்து ரோஜாப் பண்ணையில் இரண்டு கோடை வேலை பார்த்தவர். அங்கே ஒருவர் குனிந்தபடியே காட்டு ரோஜாவின் பட்டையைக் கீறி மொட்டைச் செருகுவார். பின்னால் வருபவர் கட்டுவார். அடுத்த குளிர்காலத்தில் காட்டுத் தலையை வெட்டிவிட, செருகிய மொட்டு வளரும். விற்பனைக்குத் தோண்டுவது அதற்கடுத்த இலையுதிர்காலத்தில். இந்தக் குச்சிகளுக்குப் பின்னால் அத்தனை முதுகுகள் வளைந்திருக்கின்றன.

குழி ஒன்றரை முழ அகலம். மண்வெட்டி பட்ட இடமெல்லாம் சுவர் வழவழவென்று மின்னியது. "இப்பிடியே விட்டால் இது பானை. தண்ணி நிண்டு வேர் அழுகும்" என்று இரும்பு முள்ளால் சுவரைச் சுற்றிலும் கீறிவிட்டார். அடியையும் குத்திப் பொலபொலப்பாக்கினார். மணல் கலக்கலாமா என்றேன். "கொஞ்ச மணல் போட்டால் செங்கல்தான் வரும். மக்கின உரம் போடுங்கோ." அதையும் குழிக்குள் மட்டும் கொட்டவில்லை, பாத்தி முழுக்கப் பரப்பிக் கொத்தியிருந்தார். குழியில் மட்டும் இளகிய மண் இருந்தால் சுற்றியுள்ள நீரெல்லாம் அங்கேதான் வடியும்.

நடுவில் சிறு மேடு. அதன்மேல் வேர்களை விரல்விட்டுப் பிரித்துப் பரப்பினார். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்குச் சற்றுக் கீழே. தோண்டிய களியையே உதிர்த்து மூடி, கையால் அமுக்கினார். மேலே மூடாக்கு, தண்டைத் தொடாமல்.

களிமண்ணை அவர் ஒருமுறைகூடத் திட்டவில்லை. சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும் மண் இது; ரோஜா கேட்பதும் அதைத்தான். நாம் பொறுத்தால் போதும்.

ஆறாவது குழியின் அடியில் நீர் ஊறி நின்றது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழியை மூடினார். மிஞ்சிய செடியைப் பழையபடி ஓரத்தில் சாய்த்து, வேருக்கு மண் அணைத்தார்.

"இதுக்கு இண்டைக்கு நாளில்லை" என்றார்.