பேயின் கூடையும் வெள்ளை மலரும்

கொல்கத்தாவின் அலிப்பூர்ப் பகுதியில் குளிர்காலத்தில் மலர்க் கண்காட்சி நடைபெறும். லேக் மார்க்கெட் அருகே வாழும் தமிழ்க் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, தான் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்து அங்கே ஒரு தொட்டிச்செடி வாங்கி வந்தாள். அதன் இலைநுனிகளிலிருந்து மெல்லிய கொடிகள் நீண்டிருந்தன. ஒவ்வொரு கொடியின் முனையிலும், மூடியோடு கூடிய ஒரு சிறு குடுவை தொங்கியது.

"அழகான பூ!" என்றார் பாட்டி.

"பூ இல்லை பாட்டி, இலையின் நுனிதான் இப்படிக் குடுவையாகியிருக்கிறது. பூச்சிகளைப் பிடித்து உண்ணும் செடி இது."

பாட்டியின் கை, மடியில் உறங்கிய பூனையைச் சட்டென்று அணைத்துக்கொண்டது.

பூனையின் பெயர் பஞ்சு. முந்தைய மழைக்காலத்தில் மாடிப்படியில் நனைந்து நடுங்கிக் கிடந்த குட்டி அது. பாட்டி கும்பகோணத்திலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் அவருக்கு வங்காளமொழி கைவரவில்லை. எல்லோரும் வெளியே சென்றுவிடும் பகற்பொழுதில் அவர் பேசுவது பஞ்சுவிடம் மட்டுமே. பஞ்சுவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்பது பாட்டியின் உறுதியான கருத்து.

"ஞாயிற்றுக்கிழமைக்குள் நன்றாக விசாரித்துச் சொல். பூனைக்கு ஆபத்து என்றால் செடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றார் அம்மா.

சிறுமி பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தாள். குடுவைத்தாவரம் வளரும் மண்ணில் நைட்ரசன் சத்து மிகக் குறைவு. அக்குறையைப் பூச்சிகளைக் கொண்டு அது ஈடுசெய்கிறது. மூடியிலும் விளிம்பிலும் தேன் சுரக்கும். தேனுக்காக வரும் எறும்பு, வழுக்கும் விளிம்பில் கால் தவறி உள்ளே விழும். வழவழப்பான உட்சுவரில் அதனால் ஏற முடியாது. அடியில் தேங்கியுள்ள நீர் அதைச் சிறிது சிறிதாகச் செரித்துவிடும். குடுவை பாய்ந்து எதையும் பிடிப்பதில்லை, மூடியும் மூடிக்கொள்வதில்லை. அந்த மூடி மழைநீர் நிறையாமல் காக்கும் குடை.

போர்னியோத் தீவின் கினபாலு மலையில் இரண்டு லிட்டருக்கும் மேல் நீர் கொள்ளும் குடுவைகள் உண்டு. அவற்றில் எப்போதாவது ஓர் எலி விழுந்து இறந்து கிடந்ததுண்டு. இச்செய்தியைப் பாட்டியிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அன்றிரவு பஞ்சு பாட்டியின் அறைக்குள்ளேயே பூட்டிவைக்கப்பட்டது.

நம் நாட்டிலும் ஒரு குடுவைத்தாவரம் இயற்கையாக வளர்கிறது. அது மேகாலயத்தின் காசி, காரோ, செயிந்தியா மலைகளுக்கு உரியது. காரோ மக்கள் அதற்கு இட்ட பெயருக்குப் 'பேயின் கூடை' என்று பொருள். ஆனால், அஞ்சி ஒடுங்க வேண்டிய நிலையில் இருப்பது அந்தச் செடிதான். மனிதர்கள் பறித்துப் பறித்து அது அருகிவிட்டதால், காட்டிலிருந்து அதை எடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. சிறுமி வாங்கியது பண்ணையில் வளர்த்த கலப்பினச்செடி.

சனிக்கிழமை காலை பால்கனியில் 'சரக்' என்று ஓர் ஓசை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டி சாய்ந்து கிடந்தது. பெரிய குடுவை கிழிந்திருந்தது. பஞ்சு அதிலிருந்து சிந்திய நீரை நக்கிக்கொண்டிருந்தது. சிறுமிக்கு உடல் பதறியது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. பூனைக்கூடையை எடுத்து வந்து பேத்தியின் கையில் கொடுத்தார்.

கால்நடை மருத்துவர் கிழிந்த குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர்ச் சிரித்துவிட்டார். பூனைக்கு நஞ்சாகும் பொருள் எதுவும் இதில் இல்லை என்றார். நிறையத் தின்றால் வாந்தி வரலாம். செடியின் மேல் பூச்சிமருந்து தெளித்திருந்தால் அதுதான் கெடுதல். "உங்கள் பூனையால் செடிக்குத்தான் ஆபத்து" என்று சொல்லியபடியே கேட்டார்: "வீட்டில் வேறு என்னென்ன செடிகள், பூக்கள் இருக்கின்றன?"

"துளசி, மணிபிளாண்ட்" என்றார் அம்மா. மணிபிளாண்ட்டைப் பூனை கடித்தால் வாய் எரியும், எட்டாமல் வையுங்கள் என்றார் மருத்துவர். அம்மா சற்று யோசித்து, "நேற்று அலுவலக விழாவில் கிடைத்த பூங்கொத்து சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, வெள்ளை லில்லி" என்றார்.

மருத்துவரின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. பஞ்சுவைத் தூக்கி விளக்கின் கீழே வைத்து மயிரை விலக்கிப் பார்த்தார். மார்பின் வெண்மயிரில் ஆரஞ்சுநிறப் பொடி ஒட்டியிருந்தது. அது லில்லியின் மகரந்தம்.

லில்லியின் இதழ், இலை, மகரந்தம் மட்டுமின்றி, அது நிற்கும் சாடியின் நீர்கூடப் பூனைக்கு நஞ்சாகும். மயிரில் ஒட்டிய மகரந்தத்தைப் பூனை நக்கித் துடைத்தாலே போதும், ஓரிரு நாள்களில் சிறுநீரகம் செயலிழந்துவிடலாம். முதல் நாளில் பூனை வாந்தி எடுக்கலாம், உண்ணாமல் சோர்ந்திருக்கலாம். நோய் வெளிப்படையாகத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். நாய்க்கு இந்தச் சிறுநீரகக் கேடு வருவதில்லை. பூனைக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்கும் நிலையில் அன்று அங்கே யாரும் இல்லை.

மருத்துவர் வங்காளத்தில் சொன்னவற்றை அம்மா தொலைபேசியில் தமிழில் பாட்டிக்குச் சொன்னார். பாட்டி பூங்கொத்தை நெகிழிப்பையில் கட்டி, மேசையைத் துடைத்து, சாடியின் நீரைக் கழிவறையில் கொட்டினார். பஞ்சுவைக் குளிப்பாட்டி, நரம்பின் வழியே மருந்துநீர் ஏற்றினார்கள். மூன்று நாள்கள் அது மருத்துவமனையில் இருந்தது. அந்த மூன்று நாள்களும் பாட்டி பகலுணவு சமைக்கவில்லை. யாரிடமும் அதிகம் பேசவுமில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை, இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நலமாக இருப்பது தெரிந்தது.

"செடியைத் திருப்பிக் கொடுத்துவிடவா பாட்டி?" என்று கேட்டாள் சிறுமி.

"அது அந்தக் குடுவையைக் கொடுத்திராவிட்டால், இந்த வீட்டில் யார் மருத்துவரிடம் போயிருப்பார்கள்?" என்றார் பாட்டி.

தொட்டி இப்போது பால்கனி உத்தரத்தின் கொக்கியில், பஞ்சு தாவினாலும் எட்டாத உயரத்தில் தொங்குகிறது. குழாய்நீரின் உப்பு அதற்கு ஆகாது என்பதால், பாட்டி மழைநீரைப் பித்தளைக் குடத்தில் பிடித்துவைத்து ஊற்றுகிறார். பங்குனியில் புதிய குடுவை ஒன்று முளைத்தது. அதன் மூடி திறக்கும் நாளுக்காகப் பாட்டி நாள்தோறும் காலையில் அண்ணாந்து பார்க்கிறார். கீழே தரையில் பஞ்சுவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் எண்ணம் வேறு.